ஒரகடத்துல கூத்து கட்டினா யார் வருவாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

சென்னையிலிருந்து பெங்களூருக்கு பஸ்ல போனவங்களுக்கு இந்த ரூட் தெரியும். பூந்தமல்லி தாண்டினா இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூர்ல இடது பக்கம் திரும்பினா வல்லம், ஒரகடம். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பிச்சுது. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான் வந்துச்சு. இப்போ கார், போன், டயர், கண்ணாடின்னு இந்த வட்டாரத்துல எல்லாமே தயாராகுது.

இந்த ஏரியான்னாலே முதலீடு, வேலைவாய்ப்புன்னுதான் பேச்சு வரும். இன்னைக்கு நாம பேசப்போறது இங்க வளர்ற, 6 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைங்களைப் பத்தி. அவங்க குடும்பங்களை எப்படி எட்டுறது? அதுல கலைக்கு என்ன வேலை?

பிரச்சனை எங்க இருக்கு?

ஷிஃப்ட் வேலை செய்யற வீட்டை யோசிச்சுப் பாருங்க. அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்குவார். அம்மா காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிடுவாங்க. லைன் வீட்டுல ஒரு ரூம். சொந்த ஊர் திருவண்ணாமலையா இருக்கலாம், ஒடிசாவா இருக்கலாம், பீகாரா இருக்கலாம். தாத்தா பாட்டி பக்கத்துல இல்ல. அங்கன்வாடி எங்க இருக்குன்னு சொல்லவும் ஆள் இல்ல. தெரிஞ்சாலும், “நாம வாடகைக்கு வந்தவங்க, சேர்த்துப்பாங்களா?”ன்னு ஒரு தயக்கம்.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். அங்கன்வாடிகளை நடத்தற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-ல தொடங்கினது. உணவு உரிமை வழக்குல 2006 டிசம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு. 6 வயசுக்குக் கீழே இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சேவை போய்ச் சேரணும். அதோட, ஒரு கிராமக் குடியிருப்புலயோ குடிசைப்பகுதியிலயோ அந்த வயசுல குறைஞ்சது 40 குழந்தைகள் இருந்து, அங்க அங்கன்வாடி இல்லைன்னா, மக்கள் கேட்ட 3 மாசத்துக்குள்ள அமைச்சுத் தரணும்.

கேட்டாத்தான் கிடைக்கும். கேட்கணும்னா தெரு ஒண்ணு சேரணும். பக்கத்து ரூம்ல யார் இருக்காங்கன்னே தெரியாத இடத்துல அது எப்படி நடக்கும்? நோட்டீஸ் ஒட்டலாம், வாட்ஸ்அப்ல அனுப்பலாம். அதைப் படிக்கிறவங்க தனித்தனியாத்தான் படிப்பாங்க. தெருவை ஒரே இடத்துல உட்கார வைக்கிற விஷயம் வேற ஒண்ணு இருக்கு.

பக்கத்துலயே ஒரு உதாரணம்

ஒரகடத்துல இருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்க பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ங்கிற கிராமத்துல கட்டைக்கூத்து சங்கம் இயங்குது. 1990-ல உருவானது. பின்னணியில இருந்தவங்க கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும், நெதர்லாந்துல இருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும். ராஜகோபால் சின்ன வயசுலயே பள்ளிக்கூடத்தை விட்டுட்டு கூத்துக்கு வந்தவர். கூத்து ஆடற பிள்ளைங்களுக்குப் படிப்பு போயிடுதுன்னு அவருக்கு நேரடியாத் தெரியும். அதனால 2002-ல குருகுலம் ஆரம்பிச்சாங்க. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்துல. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்துல பெண் பிள்ளைங்களுக்கும் பயிற்சி கொடுத்தாங்க. 2020 வரைக்கும் அது நடந்துச்சு.

கூத்து ஏன் குடும்பத்தை இழுக்குது? மூணு காரணம் சொல்லலாம்.

முதல்ல, இடம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பாய், போர்வையோட வீடே கிளம்பி வரும். குழந்தை பாதியில தூங்கினா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. கடைசி நாள் படுகளத்துக்குத் தரையில பெரிய துரியோதனன் உருவத்தை மண்ணால செய்வாங்க. அதைப் பார்க்கப் பிள்ளைங்க கூட்டம் சொல்லவே வேண்டாம்.

ரெண்டாவது, கட்டியக்காரன். ராஜா வேஷம் மகாபாரதத்துலயே இருக்கும். கட்டியக்காரன் மட்டும் கதைக்குள்ளயும் இருப்பார், உங்க ஊருக்குள்ளயும் இருப்பார். ரோடு சரியில்ல, தண்ணி வரலன்னு நக்கலடிப்பார். “அங்கன்வாடியில பேரு குடுத்தாச்சா?”ன்னு அவர் கேட்டா அது அறிவுரையா தெரியாது, சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லிடுவாங்க.

மூணாவது, பங்கேற்பு. நம்ம பிள்ளை மேடை ஏறுதுன்னா வேலை களைப்புலயும் அப்பா வந்து உட்காருவார்.

கூத்து முடிஞ்ச மறுநாள்

கலையை வெச்சு மக்களைத் திரட்டினது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. 1990-கள்ல அறிவொளி இயக்கத்துக்கு ஆள் சேர்த்தது கலைஜாதா. பாட்டு, வீதி நாடகத்தோட குழுக்கள் ஊர் ஊராப் போனாங்க. புதுக்கோட்டையில பெண்கள் எழுத்தோட சைக்கிளும் கத்துக்கிட்டது அந்தச் சமயத்துலதான். 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி தொடங்கினப்பவும் கலைக்குழுக்கள்தான் முதல்ல ஊருக்குள்ள போனாங்க.

இந்த ரெண்டுலயும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. கலைநிகழ்ச்சி முடிஞ்சதும் மக்கள் போய்ச் சேர ஒரு வகுப்பு தயாரா இருந்துச்சு. அது இல்லைன்னா கைதட்டிட்டுக் கலைஞ்சு போயிடுவாங்க. அதனால ஒரகடத்துல கூத்து போட்டா, மேடைக்குப் பக்கத்துலயே அங்கன்வாடிப் பணியாளர் பதிவேட்டோட உட்காரணும்.

இங்க என்ன மாத்தணும்?

நேரம். விடிய விடிய கூத்துன்னா காலை ஷிஃப்டுக்குப் போறவங்க வர முடியாது. ஒரு மணி நேரக் கூத்தை, ஒரே நாள்ல ரெண்டு வேளை போடலாம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எந்த ஷிஃப்ட்ல இருந்தாலும் ஏதாவது ஒண்ணுக்கு வரலாம்.

மொழி. கட்டியக்காரனுக்குத் துணையா ஹிந்தியோ ஒடியாவோ பேசற ஒருத்தர் மேடையில இருக்கணும். ஒடிசா, வங்காளத்துல ஜாத்ரா இருக்கு. பிழைப்புக்கு ஊரை விட்டுப் போன கணவனைப் பத்தி போஜ்புரியில ‘பிதேசியா’ நாடகம் எழுதி ஆடினவர் பிகாரி டாக்கூர். அதைக் கேட்டு வளர்ந்தவங்க நம்ம லைன் வீடுகள்லயே இருக்கலாம். அவங்களைப் பார்வையாளரா மட்டும் உட்கார வைக்காம, ஒரு பாட்டு பாடக் கூப்பிடுங்க.

சம்பளம். “விழிப்புணர்வுதானே, சும்மா ஆடிக் கொடுங்க”ன்னு கலைஞர்கள்கிட்ட கேட்கக்கூடாது. கம்பெனிகள் சட்டம் 2013-படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கிற நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். அந்தப் பட்டியல்ல கல்வியும் உண்டு, பாரம்பரியக் கலையும் உண்டு. கேட்கறதுக்கு வழி இருக்கு.

கூத்தால எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. நைட் ஷிஃப்ட் போற அம்மாவோட குழந்தையை யார் பார்த்துக்கறதுங்கிற கேள்விக்குக் காப்பகம்தான் பதில், நாடகம் இல்ல. அந்தக் காப்பகத்தைக் கேட்கிற அளவுக்கு ஒரு தெருவை ஒண்ணா உட்கார வைக்கத்தான் கூத்து.

இந்த ஏரியாவுல இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க குடியிருப்புல 6 வயசுக்குக் கீழே எத்தனை குழந்தைகள் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. 40-ஐத் தொட்டு, அங்கன்வாடியும் இல்லைன்னா, உச்ச நீதிமன்ற உத்தரவு உங்க பக்கம் இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.