துடிக்கும் இதயமும் ஓய்ந்த மூளையும்

கனகராயன்குளத்திலே, தரையிற் பாய் விரித்து உறங்கிய ஒருவரைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்டி வீதி வழியே அவரை வவுனியா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கிறார்கள். நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பைத் தடுத்துவிடுகிறது. இமை திறவாது, கை அசையாது, மூச்சும் நின்றுவிடும். கண்ணின் பாவை ஒளிக்குச் சுருங்காமற் போவதும் உண்டு. ஆயினும் செயற்கைச் சுவாசப் பொறி சில நாள் துணை நிற்க, அவர் எழுந்து வீடு திரும்புகிறார்.

பின்னொரு நாள், வீதி விபத்திலே தலையில் அடிபட்ட இளைஞன் ஒருவன் அதே போன்ற பொறியுடன் கிடக்கிறான். மார்பு ஏறி இறங்குகிறது. உடலிலே சூடு இருக்கிறது. அவனுடைய மூளை இறந்துவிட்டது என்றால் தாய் எப்படி நம்புவாள்? பாம்பு கடித்தவர் பிழைத்து வந்ததை அவள் அறிவாள் அல்லவா? வைத்தியர் சொல்லிச் சென்றபின் அவள் திரும்பிக் கேட்பது, அருகே நிற்கும் தாதியிடந்தான்.

ஆதலின் தாதி இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். இதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. துடிப்பை எழுப்பும் இடம் இதயத்திலேயே உண்டு. ஒட்சிசன் கிடைக்கும்வரை அது சிலகாலம் துடிக்கும். மூச்சோ மூளைத் தண்டின் கட்டளையாலே நடப்பது. நினைவிழந்து கிடப்போரின் மூளைத் தண்டு வேலை செய்துகொண்டிருக்கும். மூளைச்சாவிலே அதுவும் மீளாதபடி ஓய்ந்துவிடும்.

சோதனைக்கு முன்னரே பாம்பு நஞ்சு, மயக்க மருந்து, உடற்குளிர்ச்சி ஆகியவை காரணமல்ல என்று உறுதி செய்வர். பின்னர் பாவையில் ஒளி பாய்ச்சுவர், விழியைத் தொடுவர், காதிலே குளிர்நீர் விடுவர். இறுதியாகப் பொறியை நிறுத்தி, ஒட்சிசனை மாத்திரம் செலுத்தி, இரத்தத்திலே கரியமிலவாயு பெருகும்வரை காத்திருப்பர். அப்போதும் மூச்சு எழவில்லையெனில் ஐயமில்லை. சில வேளை கையொன்று அசையும். அது முள்ளந்தண்டு வடத்தின் செயலே. இதனை அறியாத தாதி திடுக்கிட்டால், தாய் மகன் விழித்தான் என்றே எண்ணிவிடுவாள்.

பல நாடுகளிலே தாதியரிடம் நடந்த ஆய்வுகளில், உறுப்புதானம் நல்லதென்போர் பலர். மூளைச்சாவை மரணமென்று தயக்கமின்றி ஏற்போர் அத்தனை பேர் அல்லர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாடித் துடிப்பை எண்ணிப் பழகிய கையல்லவா?

இலங்கையில் கண்தானம் புதிதன்று. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா அதற்கெனச் சங்கம் அமைத்தார். மனித இழையங்கள் பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஆனால் விழியின் வெண்படலத்தை இதயம் நின்றபின்னும் சில மணி நேரத்துள் எடுக்கலாம். இதயத்துக்கும் ஈரலுக்கும் பெரும்பாலும் அது பொருந்தாது. குருதி ஓடிக்கொண்டிருக்கும்போதே சம்மதம் கேட்கவேண்டியிருக்கிறது.

அங்கேதான் சொல் முக்கியமாகிறது. "பொறியை நிறுத்தினால் இறந்துவிடுவான்" என்று தாதி கூறினால், கொல்லச் சம்மதம் கேட்பதாகவே தாய்க்குப் படும். "மகன் இறந்துவிட்டான், அம்மா. மூச்சை விடுவது இந்தப் பொறி" என்பதே உண்மை. தாய் சம்மதியாமலும் இருக்கலாம். அது அவள் உரிமை. அதனை மதித்து, அந்த முகத்தை ஈரத்துணியால் துடைத்து அவளிடம் ஒப்படைப்பதும் தாதியின் பணியே.