ரேஸர் நம்பரைத் திருப்புறதுக்கு முன்னாடி

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

நம்ம இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி: "சேஃப்டி ரேஸர் வாங்கிட்டேன். கழுத்துல 1, 2, 3-னு நம்பர் போட்டிருக்கு. எந்த நம்பர்ல வெச்சா மழமழன்னு வரும்?"

ஒரே ஒரு நம்பரைச் சொல்லிட்டு எபிசோடை முடிச்சிடலாம். ஆனா அது பொய்யாப் போயிடும். உங்க தண்ணி எப்படி, உங்க தாடி எப்படி, நீங்க பார்க்கிற வேலை என்ன, இந்த மூணும் சேர்ந்துதான் அந்த நம்பரை முடிவு பண்ணும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்த மூணுமே கொஞ்சம் ஸ்பெஷல். அதனால இன்னைக்கு நம்ம வடசென்னையை வெச்சே பேசலாம்.

அந்த நம்பர் எதைத் திருப்புது?

சேஃப்டி ரேஸரோட தலையில மூணு அடுக்கு. மேல ஒரு மூடி, நடுவுல பிளேடு, கீழ ஒரு தட்டு. கீழ்த்தட்டோட ஓரத்துல பட்டை மாதிரியோ சீப்புப் பல் மாதிரியோ ஒரு தடுப்பு இருக்கும். தோலை அமுக்கிப் பிடிக்கிறது அதுதான். பிளேடு முனைக்கும் அந்தத் தடுப்புக்கும் நடுவுல இருக்கிற சந்துதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. வளையத்தைத் திருப்பினா அந்தச் சந்து கூடும், குறையும். சின்ன நம்பர்னா சின்னச் சந்து, மிதமா வெட்டும். பெரிய நம்பர்னா பெரிய சந்து, பிளேடு அதிகமா முகத்துல இறங்கும்.

புல்லட் வெச்சிருக்கிறவங்களுக்கு இது ஈசியாப் புரியும். ராயல் என்ஃபீல்டோட முதல் இந்தியத் தொழிற்சாலை 1955-ல நம்ம திருவொற்றியூர்லதான் வந்துச்சு. பழைய புல்லட்ல ஸ்பார்க் பிளக் கேப்பை மெக்கானிக் எப்படிச் சரி பண்ணுவார்? ஃபீலர் கேஜை உள்ள விட்டு, துளித் துளியா. கேப்பைக் கூட்டினா பவர் கூடும்னு நினைச்சு யாரும் இஷ்டத்துக்கு நெம்ப மாட்டாங்க. ரேஸரும் அதே கணக்குதான். பிளேடோட தடிமனே சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்த அளவுல சின்ன மாற்றம் கூடத் தோலுக்குப் பெரிய மாற்றம்.

இந்த வசதி புதுசு இல்ல. கழட்டி மாத்துற மெல்லிய பிளேடுக்கு கிங் கேம்ப் ஜில்லெட் அமெரிக்காவுல பேட்டண்ட் வாங்கினது 1904-ல. 1 முதல் 9 வரைக்கும் நம்பர் போட்ட ரேஸரை அவரோட கம்பெனி 1958-ல கொண்டு வந்துச்சு. 'ஃபேட்பாய்'னு செல்லப் பேர் வெச்சு இன்னைக்கும் சேகரிக்கிறவங்க தேடுற மாடல் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனியோட 3, இன்னொரு கம்பெனியோட 3 கிடையாது. அதனால நண்பனோட நம்பரைக் காப்பி அடிக்காதீங்க.

முதல்ல தண்ணியைப் பாருங்க

ரேஸர்னாலே எல்லாரும் பிளேடைப் பத்திப் பேசுவாங்க. நான் தண்ணியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு கதை சொல்றேன். ஜில்லெட் 2002-ல 'வெக்டர்'னு ஒரு ரேஸரை இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. முன்னாடியே அமெரிக்காவுல எம்ஐடியில படிச்ச இந்திய மாணவர்கள்கிட்ட குடுத்துப் பார்த்தாங்க. நல்லா இருக்குன்னு சொன்னாங்க. இங்க வந்ததும் எடுபடல. ஏன்னா அந்த மாணவர்களுக்குக் குழாயில தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. இங்க நிறைய பேர் ஒரு கப் தண்ணியை முன்னாடி வெச்சுக்கிட்டு ஷேவ் பண்றவங்க. பிளேடுகளுக்கு நடுவுல முடி அடைச்சிக்கிச்சு, கப் தண்ணியில அது போகல. அப்புறம் இந்தியர்களோட வீட்டுலயே உட்கார்ந்து பார்த்து, 2010-ல 15 ரூபாய்க்கு 'கார்டு'ங்கிற ஒத்தை பிளேடு ரேஸரைக் கொண்டு வந்தாங்க.

ரேஸரைத் தீர்மானிக்கிறது தண்ணிதான்னு இதுல தெரியுதுல்ல? ஒத்தை பிளேடு சேஃப்டி ரேஸர் இந்த விஷயத்துல நமக்குத் தோதானது. தலை திறந்திருக்கும், கப்ல முக்கி ஆட்டினாலே முடி போயிடும்.

ஆனா நம்ம ஏரியால எவ்வளவு தண்ணிங்கிறதோட, எப்படிப்பட்ட தண்ணிங்கிறதும் பிரச்சினை. மீஞ்சூர் பக்கம் பல வருஷமா நிலத்தடி நீரை உறிஞ்சினதுல கடல் நீர் உள்ள புகுந்தது ஊரறிஞ்ச விஷயம். கடல் நீரைக் குடிநீராக்க, காட்டுப்பள்ளியில நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன்ல ஒரு நிலையம் 2010-ல வந்துச்சு. இருந்தும் பல வீட்டுல குடிக்க ஒரு தண்ணி, குளிக்க போர் தண்ணி. அந்தப் போர் தண்ணியில கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அது சோப்போட சேர்ந்தா நுரை வராது, தயிர் திரிஞ்ச மாதிரி ஒரு பிசுக்குதான் வரும். அந்தப் பிசுக்கு மேல பிளேடு வழுக்காது, இழுக்கும். இழுக்குதேன்னு நீங்க நம்பரை ஏத்துவீங்க. அங்கதான் கழுத்து வெட்டுப்படும்.

தீர்வு ரொம்பச் சின்னது. முகத்தைப் போர் தண்ணியில கழுவிக்கோங்க, தப்பில்ல. நுரை கட்ட மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணி, இல்ல மெட்ரோ வாட்டர் எடுத்துக்கோங்க. வெதுவெதுன்னு இருந்தா நல்லது. பிரஷ்ஷை நனைச்சு, ஒரு நிமிஷம் பொறுமையா வட்டமாச் சுத்துங்க. நுரையில பெரிய குமிழி இருக்கக்கூடாது, தயிரை நல்லா அடிச்ச பதம் வரணும். அந்த ஈரமும் நுரையும் ரெண்டு, மூணு நிமிஷம் தாடியில இருக்கட்டும். முடி தண்ணியைக் குடிச்சு இளகினா, வெட்டத் தேவைப்படுற பலமே குறையும்.

பிளேடுக்கும் இது நல்லது. 2020-ல எம்ஐடி ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முடி எஃகை விட 50 மடங்கு மென்மை. இருந்தும் முடி வளைஞ்சு ஒரு கோணத்துல பிளேடைச் சந்திக்கும்போது, விளிம்புல பொடிப்பொடியாத் துகள் பெயருது. பிளேடு மழுங்குறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எடை ரேஸரோடது, கை உங்களோடது

அடுத்தது கோணம். ரேஸர் மூடியோட மேல்பக்கத்தைக் கன்னத்துல வைங்க, கைப்பிடி சுவரைப் பார்த்து நீட்டிக்கிட்டு இருக்கும். இப்ப கைப்பிடியை மெதுவாக் கீழ இறக்குங்க. பிளேடு தோலைத் தொடுற இடத்துல லேசா ஒரு சரசரப்பு கேக்கும். சுமார் 30 டிகிரி. அங்க நிறுத்துங்க, அதுதான் உங்க கோணம்.

அமுக்காதீங்க. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ்ல அமுக்கிப் பழகின கை இது. உலோக ரேஸருக்கு அதோட எடையே போதும். கைப்பிடியோட அடிப்பக்கமாப் பிடிச்சா தன்னால அழுத்தம் குறையும். ஒரு இழுப்பு ஒரு அங்குலம், ரெண்டு அங்குலம். அடுத்த கை தோலை லேசா இழுத்துப் பிடிக்கட்டும்.

முடி எந்தப் பக்கம் வளருதுன்னு பார்க்கணும். ரெண்டு நாள் தாடியில விரலை ஓட்டுங்க. வழுக்கிற பக்கம் முடியோட போக்கு, முள்ளு மாதிரி குத்துற பக்கம் எதிர்ப்போக்கு. கன்னத்துல கீழ்நோக்கியும் கழுத்துல பக்கவாட்டுலயும், சிலருக்கு மேல்நோக்கியும் கூட வளரும். இதை ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா ஆயுசுக்கும் போதும்.

இப்ப நம்பர்

புது பிளேடு போட்டதும் ரேஸர் தலையைக் கண்ணுக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளிய தெரியணும். ஒரு பக்கம் சாஞ்சிருந்தா நீங்க 2-ல வெச்சாலும் அந்தப் பக்கம் வேற நம்பர் மாதிரி வெட்டும். தளர்த்தி, நேராக்கி, இறுக்குங்க.

முதல் ஷேவ் 1 அல்லது 2-ல. அதே நம்பர்ல மூணு ஷேவ் பண்ணுங்க. அப்புறம் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நம்பரை மாத்துறீங்கன்னா பிளேடு, சோப்பு எதையும் மாத்தாதீங்க. எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. ரேஸர்ல அரை நம்பர் இருந்தா அரை நம்பராவே ஏத்துங்க.

ஷேவ் முடிஞ்சதும் ஒரு பரிசோதனை இருக்கு. நம்ம சலூன்ல அண்ணன் கடைசியாத் தேய்ப்பாரே, படிகாரக் கல். ஈர முகத்துல அதைத் தேயுங்க. எங்க எரியுதோ அங்க பிளேடு தோலைச் சீவியிருக்கு. எரிச்சல் இல்ல, ஆனா தாடி இன்னும் சொரசொரன்னு இருக்குன்னா, நம்பரை ஒண்ணு ஏத்தலாம். எரியுதுன்னா நம்பரைக் குறைங்க, இல்ல கையோட அழுத்தத்தைக் குறைங்க.

நாலஞ்சு நாள் அடர்ந்த தாடின்னா, முதல் சுற்றுக்குப் பெரிய நம்பர் வெச்சு மொத்தத்தையும் இறக்கிட்டு, அடுத்த சுற்றுக்குச் சின்ன நம்பருக்கு வந்துடுங்க. பல மாடல்கள்ல நம்பர் மாத்துறதுக்கு முன்னாடி பிளேடு இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தணும். டப்பாவுல வர்ற தாளைப் படிங்க.

நம்பரே இல்லாத ரேஸர் வெச்சிருக்கிறவங்க கைப்பிடியைத் தளர்த்தி கேப் கூட்டப் பார்க்காதீங்க, பிளேடு ஆடும். உங்களுக்கு அட்ஜஸ்ட்மெண்ட்னா பிளேடு பிராண்டை மாத்துறதுதான். அஞ்சாறு பிராண்ட்ல ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பாருங்க, முகம் சொல்லும்.

எவ்வளவு மழமழன்னு வேணும்?

இந்த எபிசோடை நான் பண்ணினதுக்குக் காரணமே இந்தப் பகுதிதான்.

மணலி முதல் எண்ணூர் வரைக்கும் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், துறைமுகம்னு வேலை பார்க்கிற நிறைய பேருக்கு ஷேவிங்ங்கிறது அழகு விஷயம் மட்டும் இல்ல. வாயுவுக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் முகத்தோட ஒட்டி உட்காரணும். மாஸ்க் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவுல தாடி இருந்தா, அந்த வழியா வாயு உள்ள வரும். அதனாலதான் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள்ல, முகத்தை ஒட்டி உட்கார்ற மாஸ்க்குக்கு அடியில, அது பதியிற இடத்துல முடி இருக்கக்கூடாதுன்னே எழுதி வெச்சிருக்காங்க. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சதை நாம மறக்க முடியாது. இந்த ஏரியால காத்துங்கிறது சும்மா விஷயம் இல்ல.

சரி, அப்ப தினமும் மூணு சுற்று, எதிர்ப்போக்குல இழுத்து மழமழன்னு ஆக்கணுமா? வேண்டாம். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. சுருட்டை முடி இருக்கிறவங்க தினமும் எதிர்ப்போக்குல ஒட்ட வெட்டினா, முடி தோலுக்குள்ளயே சுருண்டு வளர ஆரம்பிக்கும். கழுத்தெல்லாம் சிவந்த கட்டி. அடுத்த நாள் பிளேடு வைக்க முடியாது. தாடி வளரும், மாஸ்க் உட்காராது. ஒட்ட ஷேவ் பண்ணப் போய், கடைசியில ஷேவே பண்ண முடியாத நிலைமை.

அதனால வேலை நாளுக்கு ஒரு செட்டிங், லீவு நாளுக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க. காலையில 6 மணி ஷிஃப்டுன்னா: சின்ன நம்பர், முடியோட போக்குல ஒரு சுற்று, தேவைப்பட்டா குறுக்கே ஒரு சுற்று. மாஸ்க் பதியிற கோடு, அதாவது கன்னமும் தாடைக்கு அடியும், சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான். மீசை மாஸ்க்குக்கு உள்ள அடங்கி, விளிம்பையும் வால்வையும் தொடாம இருந்தா பிரச்சினை இல்ல. கல்யாணம், காட்சின்னா மட்டும் எதிர்ப்போக்குல போங்க, அதுவும் தோல் நல்லா இருந்தா. கட்டி வந்தா சில நாள் பிளேடை ஒதுக்கி வைங்க, குறையலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க. சேஃப்டி ஆபீசர்கிட்டயும் சொல்லுங்க, வேற வகை மாஸ்க் கிடைக்குமான்னு கேளுங்க.

கடல் காத்தும் பழைய பிளேடும்

காசிமேட்டுல ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும். ரேஸரும் உலோகம்தான். நிறைய ரேஸர்கள் துத்தநாகக் கலவை மேல குரோம் பூசினது. உப்புத் தண்ணி தேங்கினா பூச்சு புள்ளி புள்ளியா அரிக்கும். கடைசியா நல்ல தண்ணியில அலசி, உதறி, பாத்ரூமுக்கு வெளிய காத்தாட வைங்க. பிளேடு விளிம்பைத் துணியால துடைக்காதீங்க, மேல இருக்கிற வழுவழுப்பான பூச்சு போயிடும்.

பழைய பிளேடைத் தயவுசெஞ்சு அப்படியே குப்பையில போடாதீங்க. அந்தப் பையைக் கையால பிரிக்கிறது ஒரு தூய்மைப் பணியாளர். ஒரு பழைய தகர டப்பா மூடியில கத்தியால கீறல் போட்டு, உள்ள தள்ளிக்கிட்டே வாங்க. நிறைஞ்சதும் டேப் சுத்தி, மேல 'பிளேடு'னு பெருசா எழுதித் தனியாக் குடுங்க.

ஆக, எந்த நம்பர்? நாளைக்குக் காலையில அதே முகத்துல எரிச்சல் இல்லாம மறுபடி ஷேவ் பண்ண முடியுற நம்பர். அது 2-ஆ இருக்கலாம், 5-ஆ இருக்கலாம். தண்ணியை மாத்திப் பார்த்துட்டு, கையைத் தளர்த்திட்டு, அப்புறம் வளையத்தைத் தொடுங்க. உங்க நம்பர் என்னன்னு எழுதி அனுப்புங்க. எந்தத் தண்ணின்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.