வேக ஆளி (டீசல் மின்னியற்றி)

வேக ஆளி அல்லது கவர்னர் என்பது, மின்சுமை கூடினாலும் குறைந்தாலும் டீசல் எந்திரத்தின் வேகம் நிலைத்திருக்குமாறு எரிபொருளின் அளவை மாற்றும் கருவி ஆகும். நான்கு துருவ மின்னியற்றி நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழன்றால்தான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கிடைக்கும். இயந்திரவகை ஆளியில் சுமையின்றி 52 ஹெர்ட்சும் முழுச்சுமையில் 50 ஹெர்ட்சும் காட்டுவது இயல்பே, பழுதன்று.

வேகம் ஓயாமல் ஏறி இறங்குவது அலைவு (ஹண்டிங்) எனப்படும். பலரும் உடனே ஆளியின் திருகைத் திருப்புவர். ஆனால் எரிபொருள் வடிகட்டி அடைபட்டிருந்தாலோ, குழாயில் காற்றுப் புகுந்திருந்தாலோ, இணைப்புத் தண்டுகள் தேய்ந்தோ இறுகியோ இருந்தாலோ இதே அலைவு தோன்றும். எனவே அவற்றையே முதலில் பார்த்தல் வேண்டும். மின்னணு ஆளியில், பல்சக்கரத்தின் அருகிலுள்ள காந்த உணரியில் இரும்புத்தூள் படிந்தாலும், இடைவெளி மிகுந்தாலும் வேகக் குறிகை நலிவடையும். உணரி சீராக இருந்தும் அலைவு நீடித்தால், பெருக்கத் திருகைச் சிறிது குறைக்கலாம். மிகக் குறைத்தால் சுமை ஏறும்போது வேகம் சரிந்து, மீளத் தாமதமாகும்.

எரிபொருள் தண்டு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்வதுதான் பேராபத்து. அப்போது சுமை திடீரென விலகினால் எந்திரம் மிகைவேகம் கொண்டு சிதறவும் கூடும். ஆகையால் பழுதான ஆளியின் நெம்புகோலைக் கம்பியால் கட்டிவைத்து எந்திரத்தை ஓட்டுதல் ஒருபோதும் தகாது. மிகைவேக நிறுத்தி, ஆளியைச் சாராமல் தனியே எரிபொருளை அடைப்பதாக இருத்தல் வேண்டும்.