டோபி கடையில் கேஸ் வாடை வந்தால்…

இரவில் சுயசேவை டோபி கடைகளில் பெரும்பாலும் பணியாளர் இருப்பதில்லை. துணி உலர்த்தும் இயந்திரங்கள் பல எல்பிஜி எரிவாயுவில் ஓடுகின்றன. அதன் தோம்புகள் வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தேங்கும், கால்வாயிலும் இறங்கும்.

கேஸ் வாடை வந்தால் இயந்திரத்தில் அடுத்த காசைப் போடக் கூடாது. அது பற்றவைக்கும் பொறியே போதும். மின்விசிறி சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். துணி கிடக்கட்டும். மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, தள்ளிப் போன பிறகே 999க்கு அழைக்க வேண்டும்.

உரிமையாளரின் எண்ணைக் கதவுக்கு வெளியிலும் ஒட்டுவது அவசியம். உள்சுவரில் மட்டும் இருந்தால் அந்த நேரத்தில் யார் போய்ப் பார்ப்பது? குழாய் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த தகுதியாளரிடமே கொடுக்க வேண்டும்.