பழைய கொலை வழக்கைக் குடும்பமே தோண்டலாமா?

முப்பது வருடத்துக்கு முன் அப்பா கொலையானார், யாரும் பிடிபடவில்லை. இன்று மகன் வசதியாக இருக்கிறார். தனியார் துப்பறிவாளரை அமர்த்திக்கொண்டு, ஊரில் மிச்சமிருக்கும் பழைய ஆட்களை விசாரிக்கக் கிளம்புகிறார். சினிமாவுக்கு நல்ல கதைதான். நிஜத்தில் வழக்கைக் கெடுக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று போலீஸ் கோப்பை மூடியிருந்தாலும், புதுத் தடயம் கிடைத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 193(9) பிரிவின்படி மேல்விசாரணை நடத்தலாம். பழைய சட்டத்தில் அது 173(8).

ஆகவே காசு முதலில் போக வேண்டிய இடம் நீதிமன்றத்தின் நகல் பிரிவு. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறுதி அறிக்கை ஆகியவற்றுக்கு வக்கீல் மூலம் நகல் மனு போடுங்கள். கையில் வந்ததும் புகார்தாரர் யார் என்று பாருங்கள். வயலில் கிடந்த உடலைப் பற்றி வி.ஏ.ஓ. புகார் கொடுத்திருந்தால் அவர் பெயர்தான் அங்கே இருக்கும். வழக்கை முடித்துவைக்குமுன் புகார்தாரருக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்று 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார் கொடுக்காத உறவினருக்கு அந்த நோட்டீஸ் கட்டாயமில்லை. தானாக வந்து நின்றால் அவர் தரப்பையும் கேட்க வேண்டும், அவ்வளவே. வழக்கு முடிந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது இப்படித்தான்.

ரத்தக்கறை படிந்த சட்டை, கத்தி போன்ற வழக்குச் சொத்துகள் இன்னும் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். இருந்தால், அழிக்காமல் பாதுகாக்கக் கோரி அன்றே மனு கொடுங்கள். டி.என்.ஏ. சோதனைக்கு அதுதான் கதி.

துப்பறிவாளருக்கு உரிமம் தரும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. போலீஸ் அதிகாரம் அவருக்குத் துளியும் கிடையாது. “சி.டி.ஆர். எடுத்துத் தர்றேன் சார்” என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறருடைய போன் அழைப்பு விவரத்தைக் காசு கொடுத்து வாங்குவது குற்றம். 2018-இல் மகாராஷ்டிரத்தின் தானே போலீஸ் இதற்காகவே தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது.

சாட்சிக்கு இரக்கப்பட்டுக் கொடுத்த ஐயாயிரம் ரூபாய்கூட, குறுக்கு விசாரணையில் அவரை விலைக்கு வாங்கிய சாட்சி ஆக்கிவிடும். சந்தேகப்படுகிறவரின் பெயரை யூடியூபில் சொன்னால் அவதூறு வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை. பழைய ஆள் ஒருவர் மனம்விட்டுப் பேசி, அதைப் பதிவு செய்தீர்களா? அந்த போனை அப்படியே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதி மட்டும் இருந்தால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்குத் திண்டாட வேண்டியிருக்கும்.

கிடைத்ததை எழுத்தில் எஸ்.பி.யிடம் கொடுங்கள். அசையாவிட்டால் மாஜிஸ்திரேட், அதன்பின் உயர் நீதிமன்றம். செல்வாக்கு இங்கே பெரிதாக உதவாது. 2012 மார்ச் 29-இல் கொலையான திருச்சி தொழிலதிபர் ராமஜெயம், தி.மு.க. அரசியல்வாதி கே.என்.நேருவின் தம்பி. அவர் குடும்பமும் உயர் நீதிமன்றப் படியேறித்தான் சி.பி.ஐ. விசாரணையும், 2022-இல் சிறப்புப் புலனாய்வுக் குழுவும் பெற்றது. அதன் பிறகும் வழக்கு எளிதில் துலங்கவில்லை.

மனுவில் குடும்பத்தின் துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. நீதிபதி தேடுவது வேறு: அன்றைய விசாரணை எந்தச் சாட்சியைக் கேட்காமல் விட்டது, எந்தச் சோதனையைச் செய்யவில்லை. அதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.