வரம்பும் வேண்டும், வக்கடையும் வேண்டும்

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம். படுவான்கரையில் போர் மூண்டபோது பல்லாயிரம் விவசாயக் குடும்பங்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தன. அப்போது குருமாணவனாக இருந்த நான் ஒரு முகாமில் தொண்டு செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு தறப்பாள் கொட்டிலில் இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள்.

நிவாரணத்தில் கிடைத்த சீனியைத் தாய் ஒரு பேணியில் போட்டு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். "தொடப்படாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். பிள்ளை வாளியைக் கவிழ்த்து ஏறிப் பார்த்தது, எட்டவில்லை. பாயைச் சுருட்டி வாளிமேல் வைத்தது, சறுக்கி விழுந்தது. எழுந்து, கம்பொன்றைத் தேடி எடுத்து ஒரே தட்டு! ஒரு கிழமைக்கான சீனி முழுவதும் மண்ணிலே.

தாய் அடித்தாள், பிறகு தானும் அழுதாள். "ஒரு சொல் கேக்கிறாள் இல்ல பிரதர். இவள வச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற?" பக்கத்துக் கொட்டிலில் இருந்த மூதாட்டி சொன்னார்: "அடிக்காத புள்ள. அவள் கெட்டவள் இல்ல, கெட்டிக்காரி."

அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

பிடிவாதம் நோயல்ல

ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் பிள்ளை ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடிக்கிறது: "அம்மா வேறு, நான் வேறு, எனக்கென்றும் ஒரு விருப்பம் உண்டு." அதைச் சோதித்துப் பார்க்கவே "மாட்டன்" என்கிறது. விரும்புவதற்கு அதற்குத் தெரியும். பொறுத்திருக்க இன்னும் தெரியாது. ஆசையை அடக்க உதவும் மூளையின் பகுதி முழுமையாக முதிர்ச்சியடைய இருபது வயதும் கடக்கும் என்பது இன்றைய மருத்துவ அறிவு. ஆகவே நிலத்தில் விழுந்து புரளும் பிள்ளை நம்மை அவமதிக்கவில்லை. தன்னையே அடக்க முடியாமல் தவிக்கிறது.

நம் மட்டக்களப்பு வழக்கப்படி மணமான பெண் தாய்வீட்டிலோ அதே வளவிலோ வாழ்வாள். அம்மா களைத்தால் அம்மம்மா தூக்குவார். அவரும் களைத்தால் சின்னம்மா வருவாள். இடப்பெயர்வு நம்மிடமிருந்து காணியை மட்டுமா பறித்தது? இந்தக் கைகளையும் பறித்தது. ஒரு கொட்டிலுக்குள் ஒரு தாய் தனியே நின்று நாள் முழுவதும் "வேணாம், வேணாம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிடிவாதம் பிள்ளையிடம் மட்டும் கூடவில்லை. தாயின் பாரமும் கூடியது. இதை உணராமல் தாயைக் குறைசொல்வது நீதியன்று.

வேலை கேட்கும் கைகள்

1907ஆம் ஆண்டு உரோமாபுரியில், சான் லொரென்சோ என்னும் ஏழைகளின் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்துவிடப்பட்ட பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்கினார்கள். அவர்களைப் பொறுப்பேற்ற மருத்துவர் மரியா மொண்டிசோரி அவர்களைக் கட்டிப்போடவில்லை. சின்னக் கைக்கேற்ற துடைப்பமும் குவளையும் கொடுத்து உண்மையான வேலை செய்யவிட்டார். குழப்படிக்காரர் என்று பெயரெடுத்தவர்களே பொறுமையாக வேலை பழகினார்கள். இந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப்போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் பல ஆண்டுகள் இந்தியாவில் தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மனவுறுதி உடைக்கப்பட வேண்டியதல்ல, வளர்க்கப்பட வேண்டியது என்பதே அவர் கண்ட பாடம்.

நமக்குத் துடைப்பம் வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு சிரட்டையும் கொஞ்சம் தண்ணீரும் போதும்: "இந்தக் கத்தரிக்கு ஊத்து மகள்." கோழிக்குத் தீனி போடலாம், வெங்காயத்தை எண்ணி எடுத்துத் தரலாம். "குளிக்க வா" என்றால் "மாட்டன்" என்னும் பிள்ளையிடம், "சிவப்பு வாளியா, நீல வாளியா?" என்று கேட்டுப் பாருங்கள். குளிப்பது நம் தீர்மானம். வாளி அதன் தீர்மானம்.

பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. பிள்ளையுடன் விளையாட வரும்படி நிலவை அழைப்பார்கள். சாமம், பேதம், தானம், தண்டம் என நான்கு வழிகளையும் கையாள்வார்கள். ஆனால் கவனியுங்கள்: மிரட்டப்படுவது நிலவுதான், பிள்ளையல்ல!

எதற்கு "இல்லை" சொல்வது?

விவசாயிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வரம்பில்லாத வயலில் தண்ணீர் நில்லாது. வக்கடை இல்லாத வரம்போ பெருமழைக்கு உடைந்துபோகும். பிள்ளைக்கும் அப்படியே இரண்டும் வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானவற்றில் வரம்பு அசையக்கூடாது. அடுப்பும் குப்பி விளக்கும், கிணறும் வாவியும், மண்ணெண்ணெயும் கிருமிநாசினியும் - இவற்றில் தாயும் தகப்பனும் ஒரே சொல் சொல்ல வேண்டும். சத்தம் போடாமல், சுருக்கமாகச் சொல்லி, பிள்ளையைத் தூக்கி அப்பால் கொண்டுபோக வேண்டும். இன்று "இல்லை", நாளை அழுதால் "சரி" என்றால், அழுகைக்குப் பலன் உண்டு என்றே பிள்ளை படிக்கும். அதேவேளை சொல்லை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வாளிமேல் ஏறத் தெரிந்த பிள்ளைக்கு உயரம் ஒரு தடையல்ல. நஞ்சைப் பூட்டி வையுங்கள். கிணற்றைச் சுற்றிக் கட்டோ வேலியோ போடுங்கள். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்கவே வேண்டாம்.

மற்ற "வேணாம்"களைக் குறையுங்கள். மண்ணில் விளையாடுவதும் சட்டையைத் தானே போடுவதும் குற்றமா?

இன்னொன்று. "ஆமி வருது, பிடிச்சுக் குடுத்திருவன்" என்று பிள்ளைகளை அடக்கிய காலம் நமக்கு நினைவிருக்கிறது. உண்மையாகவே பயந்து ஓடிய பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சொல்லல்ல. பயத்தால் அடங்கிய பிள்ளை கீழ்ப்படியப் பழகவில்லை, ஒளியத்தான் பழகியது. அடியும் அப்படியே. கோபம் தலைக்கேறினால், பிள்ளையை அயலில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் சற்று நடந்து வாருங்கள். அது தோல்வியல்ல.

அந்தச் சிறுமி இன்று

அண்மையில் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தேன். அவர்கள் ஊருக்குத் திரும்பியும் காணி அனுமதிப்பத்திரம் தொலைந்த நிலையில் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறார்கள். தகப்பன் இரண்டு தரம் போய், "இல்லை" என்ற பதிலோடு தலைகுனிந்து வந்தார். மூன்றாம் தரம் மகள் போனாள். பழைய வரிப் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தாள். அயல் காணிக்காரரின் சாட்சிக் கடிதங்களைச் சேர்த்தாள். ஆறாவது தரம் பத்திரத்தின் பிரதியோடு வீடு வந்தாள்.

"அண்டைக்குச் சீனிப் பேணிய விழுத்தினவள்தான் சுவாமி" என்று தாய் சிரித்தாள்.

அன்பார்ந்த பெற்றோரே, "இல்லை" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே வாழ்ந்த சமூகம் நாம். அதைக் கேட்டு மடங்கிவிடாத ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதன் உறுதியை உடைத்துவிடாதீர்கள். வரம்பு கட்டுங்கள், வக்கடையும் வையுங்கள். அந்தத் தண்ணீர் நாளை உங்கள் வயலுக்கே பாயும்.