இலவச நிரலை எங்கே வாங்குவது?

படம் வரைவதற்கு ஒரு நிரல் தேவைப்படுகிறது. வீட்டுக் கணிப்பொறியில் உட்கார்ந்து இணையத்தில் தேடுகிறீர்கள். ‘முற்றிலும் இலவசம்! இங்கே அழுத்துங்கள்!’ என்று பல இடங்கள் அழைக்கின்றன. எதை அழுத்துவீர்கள்?

இது சிறிய கேள்வி அல்ல. மேசைக் கணிப்பொறியில் நாம் ஓடவிடும் நிரல், பெரும்பாலும் நாம் செய்யக்கூடியதையெல்லாம் தானும் செய்ய வல்லது. நாம் திறக்கும் கோப்பை அதுவும் திறக்கலாம். நாம் அழிக்கக்கூடியதை அதுவும் அழிக்கலாம். அக்காவின் கல்லூரிக் கட்டுரை, தாத்தாவின் புகைப்படங்கள் எல்லாம் அதே பெட்டியில்தானே இருக்கின்றன!

விலை இல்லை என்பதால் நிரல் கெட்டதாகிவிடாது. படம் வரைய உதவும் கிம்ப், எழுத்து வேலைக்கான லிப்ரே ஆபீஸ் ஆகியவை இலவசமே, நல்லவையும் கூட. ஆனால், நல்ல சரக்கும் தவறான கை வழியாக வந்தால் கெட்டுப்போகும்.

2016 பிப்ரவரி 20 அன்று அப்படித்தான் நடந்தது. லினக்ஸ் மின்ட் என்பது இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயக்க அமைப்பு. அதன் இணையதளத்தில் நுழைந்த திருடர்கள், கோப்பை இறக்கும் இணைப்பை மாற்றிவிட்டார்கள். அதை அழுத்தியவர்களுக்குக் கிடைத்தது, திருடன் உள்ளே வருவதற்குப் பின்கதவு வைத்த போலி. தளம் உண்மையானது, கோப்பு மட்டும் போலி!

அப்படியானால், வந்த கோப்பு அசல்தானா என்று எப்படி அறிவது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4729 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கத்தை 1ஆலும், அடுத்ததை 2ஆலும், பிறகு 3ஆலும், 4ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 4 + 14 + 6 + 36 = 60. யாரோ கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி 4792 ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 4 + 14 + 27 + 8 = 53. மாற்றம் பிடிபட்டுவிட்டது அல்லவா?

கணிப்பொறியும் ஒரு கோப்பை இப்படிப் பிழிந்து, அதற்கொரு ‘விரல் ரேகை’ எடுக்கிறது. ஆனால் அதன் கணக்கு மிகச் சிக்கலானது. எஸ்.எச்.ஏ-256 என்னும் முறையில், கோப்பு எவ்வளவு பெரியதானாலும் ரேகை 256 பிட் நீளமே இருக்கும். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ரேகை அடியோடு மாறிவிடும். அதே ரேகை வரும்படி வேறொரு கோப்பைச் செய்வது இன்றைய கணிப்பொறிகளால் நடைமுறையில் இயலாத காரியம்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். இணைப்பை மாற்றிய திருடன், அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் ரேகையையும் மாற்றிவிட்டால்? அதற்குத்தான் மின்கையொப்பம் இருக்கிறது. இதில் இரண்டு சாவிகள் உண்டு. கையொப்பமிடும் சாவி, நிரலைத் தருபவரிடம் இரகசியமாக இருக்கும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியை யாரும் வைத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டு சரிபார்க்க முடியுமே தவிர, கையொப்பமிட முடியாது. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற இலவச இயக்க அமைப்பில் இது எப்படி நடக்கிறது பாருங்கள். அதன் களஞ்சியத்திலுள்ள நிரல்களின் ரேகைகள் ஒரு பட்டியலாக்கப்பட்டு, கையொப்பமிடப்படுகின்றன. சரிபார்க்கும் சாவி முன்னதாகவே உங்கள் கணிப்பொறியில் இருக்கிறது. கையொப்பமும் ரேகையும் ஒத்துப்போகாவிட்டால் கணிப்பொறி எச்சரித்து நிறுத்திவிடும்.

நல்ல செயலிக் கடையின் முதல் இலக்கணம் இந்தச் சரிபார்ப்புதான். இரண்டாவது, சரக்கைச் சோதித்த பிறகே அடுக்கில் வைப்பது. 2011இல் திறந்த மேக் ஆப் ஸ்டோர், 2012இல் விண்டோஸ் ஸ்டோர் என்ற பெயரில் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆகிய இரண்டிலும் இத்தகைய சோதனை உண்டு.

ஆனால் சோதனையும் சில சமயம் ஏமாறும். 2018 மே மாதத்தில், லினக்ஸுக்கான ஸ்னாப் ஸ்டோரில் இருந்த ‘2048பண்டு’ என்ற விளையாட்டு பிடிபட்டது. ஆடுபவருக்குத் தெரியாமல், அவருடைய கணிப்பொறியைக் கொண்டே தன் சொந்தக்காரருக்கு மின்நாணயம் ஈட்டிக்கொண்டிருந்தது! உடனே அது நீக்கப்பட்டது. கையொப்பம் ‘இது வழியில் மாறவில்லை’ என்று மட்டுமே சொல்லும். ‘இதைச் செய்தவர் நல்லவர்’ என்று சொல்லாது.

ஆகவே, நிறுவுவதற்கு முன் நான்கு காரியங்கள் செய்யுங்கள்.

1. உங்கள் இயக்க அமைப்பின் சொந்தக் கடையில் அல்லது களஞ்சியத்தில் முதலில் தேடுங்கள்.

2. அங்கே இல்லையென்றால், நிரலை உருவாக்கியவரின் தளத்துக்கே செல்லுங்கள். தேடல் பக்கத்தின் உச்சியில் தெரிவது விளம்பரமாக இருக்கலாம். முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

3. வெளியிட்டவர் யார் என்று பாருங்கள். ஃப்ளாட்ஹப் போன்ற கடைகளில், உருவாக்கியவரே வெளியிட்டது என்று உறுதியானால் அதற்கு அடையாளக் குறி இருக்கும்.

4. படம் வரையும் நிரல் கணிப்பொறி முழுவதற்கும் அனுமதி கேட்டால், ‘எதற்கு?’ என்று நினைத்துப் பாருங்கள். விடை தெரியாவிட்டால், பெரியவர்களையோ ஆசிரியரையோ கேட்காமல் ‘ஆம்’ என்று அழுத்தாதீர்கள்.

கூடவே, முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். எல்லாக் காவலையும் மீறி ஏதேனும் நடந்துவிட்டாலும், தாத்தாவின் புகைப்படங்கள் பத்திரமாக இருக்கும்.